செல்லாக் காசைத் தேடி ஒரு சனிக்கிழமை

"அம்பத்தூர்ப் பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது? எல்லாம் ஃபாக்டரிதானே?" என்று ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்கள் கேட்பது வழக்கம். கேட்பதில் தப்பில்லை. 1964-ல் இங்கே தொழிற்பேட்டை வந்தது. அந்தப் பக்கம் ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை. கோயில் பார்க்க வேண்டுமென்றால் திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர், திருவேற்காடு கருமாரியம்மன், மாங்காடு காமாட்சி, திருக்கச்சி நம்பி பிறந்த பூந்தமல்லி என்று ஒரு சுற்று சுற்றி வரலாம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய டின் இருக்கும். வேலை தேடித் திருநெல்வேலியிலிருந்தும், மலையாளத்திலிருந்தும், ஆந்திராவிலிருந்தும், வடக்கேயிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்கள் அல்லவா நாங்கள்? வரும்போது பாயும் பாத்திரமும் கொண்டுவந்த மாதிரி, செல்லாத காசையும் கூடவே கொண்டுவந்துவிட்டோம். ஒரு வீட்டு டின்னில் மலேயாக் காசு, இன்னொரு வீட்டில் இலங்கைக் காசு, பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் வீட்டில் பர்மாக் காசு. நம் வீட்டு மேல்தட்டில் ஒரு சின்ன மியூஸியம் தூங்குகிறது என்பது நமக்கே தெரியாது!

அத்தையின் பிஸ்கட் டின்

எங்கள் வீட்டு டின், என் மாமியாருடையது. அவருக்குப் பூந்தமல்லிதான் பிறந்த ஊர். அவருடைய அப்பா அங்கே சின்னதாகப் பெட்டிக்கடை வைத்திருந்தாராம். கடையை மூடிய பிறகு கல்லாவில் கிடந்த காசுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மகளிடம் கொடுத்துவிட்டார். போன கோடை விடுமுறையில், ஒன்பதாவது படிக்கும் என் பெண் பொழுது போகாமல் அதை எடுத்துப் பழைய பேப்பரில் கொட்டினாள்.

"ஆயா, இதுல ஏன் நடுவுல ஓட்டை? யாராவது ஆணி அடிச்சாங்களா?" என்று கேட்டாள்.

"அடி போடி, அதுதான் ஓட்டைக் காலணா! அரைஞாண் கயித்துல கோத்துக் குழந்தைங்க இடுப்புல கட்டுவாங்க" என்றார் அத்தை. இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1943-ல் தொடங்கி 1947 வரை அடித்த காசு அது. யுத்த காலத்தில் செம்புக்குத் தட்டுப்பாடு, அதனால் நடுவில் ஓட்டை போட்டு உலோகத்தை மிச்சம் பிடித்தார்கள்.

அன்று சாயங்காலம் முழுவதும் அத்தையே டீச்சர். ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 4 காலணா அல்லது 12 தம்படி. ஆகவே ஒரு ரூபாய்க்கு 64 காலணா, 192 தம்படி. 1957 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ரூபாய்க்கு 100 நயா பைசா என்று ஆயிற்று. எட்டணா 50, நாலணா 25 என்பது சுலபம். ஆனால் ஓரணாவுக்குக் கணக்குப்படி ஆறேகால் நயா பைசா வரவேண்டும். கால் பைசாவுக்கு எங்கே போவது? அதனால் ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19 என்று அட்டவணை போட்டார்களாம். "எங்கப்பா கடையில அந்த அட்டவணையை ஒட்டி வச்சிருந்தாரு. ஆறா ஏழான்னு தெனம் சண்டைதான்" என்று சிரித்தார் அத்தை. 1964-ல் 'நயா' என்ற சொல் போய், வெறும் 'பைசா' ஆயிற்று.

டின்னில் இன்னும் என்னென்னவோ இருந்தன. குதிரை போட்ட 1950-களின் பைசா. காளை போட்ட சதுர இரண்டணா. ஆறு மூலை கொண்ட அலுமினிய மூன்று பைசா. தாமரைப் பூ போட்ட, பொன் நிறத்து இருபது பைசா. இந்தத் தாமரைக் காசில் தங்கம் கலந்திருப்பதாக ஒரு பேச்சு அந்தக் காலத்தில் உண்டாம். தங்கமெல்லாம் கிடையாது. செம்பு கலந்த மஞ்சள் உலோகம், அவ்வளவுதான். 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30-லிருந்து செல்லாமல் போயின. 50 பைசா மட்டும் இன்றைக்கும் சட்டப்படி செல்லும். கடைக்காரர் முகத்தைச் சுளிப்பது வேறு விஷயம்!

ரயிலேறினோம்

"இதைவிடப் பழைய காசெல்லாம் எங்கம்மா பாக்கலாம்?" என்று பெண் கேட்க, எழும்பூர் மியூஸியம் போவதென்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, மறந்துவிடாதீர்கள். நாங்கள் சனிக்கிழமை புறப்பட்டோம். எலுமிச்சம்பழ சாதம், தயிர்சாதம், தண்ணீர் பாட்டில், அத்தையின் முழங்கால் தைலம், எல்லாம் ஒரு பையில்.

அம்பத்தூர் ஸ்டேஷனில் ஏறினால் பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம், பெரம்பூர், வியாசர்பாடி என்று வண்டி போய், மூர் மார்க்கெட் வளாகம் என்ற இடத்தில் நிற்கிறது. பெயரைக் கேட்டதும் என் பெண், "மார்க்கெட் எங்கே?" என்றாள். அத்தை பெருமூச்சு விட்டார். 1900-ல் திறந்த சிவப்புக் கட்டடம் அது. அப்பா அம்மாவைத் தவிர மற்றதெல்லாம் அங்கே கிடைக்கும் என்பார்களாம். பழைய புத்தகம், கிராமபோன், பீங்கான், பழைய நாணயம், எல்லாம். 1985-ல் தீப்பிடித்து எரிந்துபோயிற்று. புறநகர் ரயில் நிலையம் அந்த இடத்தில்தான் எழுந்தது. கடைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே அல்லிக்குளத்தில் இடம் கொடுத்தார்கள். காசு சேர்ப்பவர்களுக்கு ஒரு காலத்தில் கோயில் மாதிரி இருந்த இடத்தில் நாம் தினமும் டிக்கெட் எடுக்கிறோம், பாருங்கள்.

அங்கிருந்து எழும்பூருக்கு பஸ், ஆட்டோ, மெட்ரோ எது வேண்டுமானாலும் உண்டு. மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன். எஸ்கலேட்டர் இருப்பதால் அத்தைக்கு முழங்கால் தொந்தரவு இல்லை.

பாந்தியன் சாலையில் இருக்கும் அரசு அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கப்பட்டது. பரந்த இடம், பல கட்டடங்கள். காசுகள் எந்தக் கட்டடத்தில் என்று வாசலிலேயே கேட்டுக்கொண்டு போவது நல்லது. இல்லாவிட்டால் கால் வலித்த பிறகுதான் காசு கண்ணில் படும்.

முதலில் பார்த்தது முத்திரைக் காசுகள். வெள்ளித் தகட்டைத் துண்டாக வெட்டி, சூரியன், மலை என்று அடையாளங்களைக் குத்தியிருக்கிறார்கள். எழுத்தே கிடையாது. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்டவை. அடுத்து ரோமாபுரிக் காசுகள். நம் மிளகுக்கும் முத்துக்கும் விலையாக வந்த காசு. கரூர், கோயம்புத்தூர்ப் பக்கம் பூமியைத் தோண்டும்போது நிறையக் கிடைத்திருக்கிறது. நம் அஞ்சறைப் பெட்டி மிளகுக்கு ரோம் ராஜா முகம் போட்ட காசு வந்ததென்றால், இனி மிளகை அலட்சியமாகத் தாளிக்க முடியுமா?

ராஜராஜ சோழன் காலத்துச் செப்புக்காசில் ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் அவர் பெயர். "தமிழ் ராஜா காசுல ஏன் தமிழ் இல்லை?" என்று என் பெண் கேட்டாள். நல்ல கேள்விதான். ஆனால் அவள் பையில் இருந்த ஒரு காசே அவளைச் சமாதானப்படுத்தியது. 2009-ல் அண்ணாவின் நூற்றாண்டுக்கு வந்த ஐந்து ரூபாய்க் காசில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே இருக்கிறது. 2024-ல் வெளியான கலைஞர் நினைவு நூறு ரூபாய் நாணயத்திலும் 'தமிழ் வெல்லும்' என்று இருக்கிறது.

கம்பெனி காலத்துக்கு வந்தபோது அத்தைக்கு உற்சாகம். மதராஸில் அப்போது 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். பணம் என்றால் நெற்றிப் பொட்டு அளவே உள்ள காசு. கீழே விழுந்தால் தேடி எடுப்பதற்குள் விடிந்துவிடும்! 'கேஷ்' என்று வெள்ளைக்காரர்கள் அந்தச் சின்னக் காசுக்கு வைத்த பெயர், நம் 'காசு' என்ற சொல்லிலிருந்து போனதுதான்.

பக்கத்துத் தெரு அக்கா

பொழுதுபோக்கு என்று நினைத்துப் போய்வந்த எங்களுக்கு, அடுத்த வாரமே அது வேறு விதத்தில் உபயோகப்பட்டது.

பக்கத்துத் தெருவில் ஓர் அக்கா. கணவர் தவறி இரண்டு வருஷம் ஆகிறது. பெண்ணுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய நேரம். அவரிடம் மாமியார் கொடுத்த வெள்ளி ரூபாய் ஒன்பது இருந்தது. அதற்கு முன்னால், பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று போனில் ஒரு விளம்பரத்தைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். ரிசர்வ் பாங்க் பெயரைச் சொல்லி, முதலில் பதிவுக் கட்டணம் 1,200 ரூபாய், பிறகு வரி 3,500 ரூபாய் என்று வாங்கிக்கொண்டு, அந்த நம்பர் அடங்கிவிட்டது. ரிசர்வ் பாங்க் இப்படிப் பழைய காசும் நோட்டும் வாங்குவதில்லை, இதற்காக யாரிடமும் கட்டணம் கேட்பதும் இல்லை. 2021-லேயே அவர்கள் எச்சரிக்கை விட்டிருக்கிறார்கள். நமக்கு எங்கே அதெல்லாம் வந்து சேருகிறது? சகோதரிகளே, காசு கொடுப்பதாகச் சொல்லுகிறவன் நம்மிடம் முதலில் காசு கேட்டால், அங்கேயே போனை வைத்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

மனம் உடைந்துபோன அக்கா, அந்த ஒன்பதையும் ஒரு கடைக்குக் கொண்டுபோனார். "எல்லாமே பாதி வெள்ளிதாம்மா" என்று சொல்லி மொத்தமாக ஒரு விலை சொன்னார்களாம். "கொடுத்துடலாமா?" என்று எங்களிடம் வந்து கேட்டார்.

நாங்கள் ஒன்பதையும் மேஜையில் பரப்பி வருஷம் பார்த்தோம். பழைய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களில் 100-க்கு 91.7 பங்கு வெள்ளி. 1940-லிருந்துதான் அது பாதியாகக் குறைந்தது. 1947-ல் வந்த ரூபாய் சுத்த நிக்கல், வெள்ளியே கிடையாது. அக்காவிடம் பழையவை ஐந்து, 1940-களில் அடித்த பாதி வெள்ளி மூன்று, நிக்கல் ஒன்று. பிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தப் பொம்மையைப் பக்கத்தில் கொண்டுபோனதும் நிக்கல் ரூபாய் டக்கென்று ஒட்டிக்கொண்டது. வெள்ளி ஒட்டாது.

இனி கணக்கு. பழைய ஐந்தில் சுமார் 53 கிராம் வெள்ளி. பாதி வெள்ளி மூன்றில் சுமார் 17 கிராம். ஆக 70 கிராமுக்கு மேல். எட்டையும் பாதி வெள்ளி என்று கணக்கிட்டால் 46 கிராம்தான் வரும். 24 கிராம் வித்தியாசம்! ஒரு குழந்தைக்குக் கொலுசே செய்யலாம். இது வெறும் வெள்ளி விலை. சில வருஷத்துக் காசுகளை, தேய்மானம் இல்லாமல் இருந்தால், சேகரிப்பவர்கள் அதற்கு மேலும் கொடுத்து வாங்குவார்கள்.

என் வீட்டுக்காரரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, அக்கா வேறு இரண்டு கடைகளில் விசாரித்தார். ஒவ்வொரு காசையும் தனித்தனியே எடை போட்டு விலை சொன்ன இடத்தில் ஆறு காசைக் கொடுத்தார். கிடைத்த பணமும் சீட்டுப் பணமும் சேர்ந்து பீஸ் கட்டியாயிற்று. இரண்டு விக்டோரியா ரூபாயையும் நிக்கல் ரூபாயையும் கொடுக்கவில்லை. "இது அவங்க அம்மா கையால குடுத்தது, பொண்ணுக்கு இருக்கட்டும்" என்று முந்தானையில் முடிந்துகொண்டார். அந்த விக்டோரியா ரூபாயில் ஒன்றில் 'குயின்' என்றும், மற்றதில் 'எம்ப்ரஸ்' என்றும் எழுதியிருந்தது. 1877-லிருந்துதான் காசில் அவர் சக்கரவர்த்தினி ஆனார். இதை அந்த அக்காவுக்குச் சொன்னது என் பெண்!

நீங்களும் ஆரம்பிக்கலாம்

காசு சேர்க்கக் காசு வேண்டாம். முதல் ஆறு மாதம் எதையும் விலைக்கு வாங்காதீர்கள். வீட்டு டின், சாமி உண்டியல், கடையில் தரும் மீதிச் சில்லறை, இவை போதும்.

முதலில் காசில் வருஷத்தைப் பாருங்கள். அதன் கீழே சின்னக் கோலப்புள்ளி மாதிரி ஓர் அடையாளம் இருக்கும். டைமண்ட் வடிவம் என்றால் மும்பையில் அடித்தது. ஐந்து முனை நட்சத்திரம் ஹைதராபாத். வட்டப் புள்ளி நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கல்கத்தா. ஒரே வருஷத்து ஒரு ரூபாயை நான்கு ஊரிலிருந்தும் சேர்ப்பது ஆரம்பிப்பவர்களுக்கு நல்ல விளையாட்டு.

அடுத்து, பத்து ரூபாய்க் காசு. செல்லாது என்று ஒரு வதந்தி கிளம்பி, எங்கள் பக்கத்துக் கடைகளில் வாங்கவே மறுத்தார்கள், நினைவிருக்கிறதா? 2018-ல் ரிசர்வ் பாங்க், அதுவரை வந்த 14 வகைகளும் செல்லும் என்று அறிவித்தது. அந்தப் பதினாலையும் சேர்க்க முடியுமா என்று பாருங்கள்.

பிறகு ஏதாவது ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டைப் பற்றிய காசுகள் என்றால் 1995-ல் தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் காசு, காமராஜர் காசு, அண்ணா காசு என்று தொடங்கலாம். நான் பெண்களைப் பற்றிய காசுகளைச் சேர்க்கிறேன். 1975 சர்வதேசப் பெண்கள் ஆண்டுக்கு 'சமத்துவம், வளர்ச்சி, அமைதி' என்று ஒரு பத்துப் பைசா வந்தது. 1980-ல் கிராமப் பெண்கள் முன்னேற்றத்துக்கு ஒன்று. பத்துப் பைசாவிலும் நமக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள், நாம்தான் பார்க்காமல் தேங்காய் வாங்கிவிட்டோம்!

முக்கியமான ஒன்று: தேய்க்காதீர்கள்! பித்தளையைக் கண்டால் புளியைத் தேடும் கை நமக்கு. அத்தையும் புளியை ஊறவைக்கக் கிளம்பினார். புளி, எலுமிச்சை, விபூதி, பாத்திரப் பவுடர் எதுவும் கூடாது. பளபளப்பு வரும், ஆனால் மேல்தோல் போய்விடும். சேகரிப்பவர்கள் கண்ணில் அதன் மதிப்பும் போய்விடும். மண் ஒட்டியிருந்தால் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும். ஓரத்தைப் பிடித்து எடுங்கள். மெத்து மெத்தென்ற, நெடி அடிக்கும் பிளாஸ்டிக் கவரில் வைத்தால் பச்சையாகப் பிசுபிசுக்கும். ரப்பர் பாண்டு போட்டால் வெள்ளி கறுக்கும். நாணயங்களுக்கென்றே அட்டை ஹோல்டரும் ஆல்பமும் விற்கிறார்கள். மழைக்காலத்தில் ஈரம் தட்டாத இடத்தில் வையுங்கள்.

கைக்குழந்தை இருக்கும் வீடானால் பூட்டி வையுங்கள். காசை விழுங்கிவிட்டால் வாழைப்பழம் கொடுத்துப் பார்ப்பது, வாந்தி எடுக்க வைப்பது எல்லாம் வேண்டாம். உடனே டாக்டரிடம் ஓடுங்கள். காசுகளைத் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சமையலுக்குப் போங்கள்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். வீடு கட்டத் தோண்டும்போது பழங்காசுப் புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லிருந்தே சட்டம் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசுகளை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல 1972-ம் வருஷச் சட்டம் தடை போடுகிறது. அமெரிக்காவில் இருக்கும் பேரனுக்குப் பரிசாக அனுப்ப நினைப்பவர்கள் கவனிக்க.

இன்னொரு லாபமும் உண்டு. என் அத்தைக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. டின்னைத் திறந்த நாளிலிருந்து, எந்தக் காசுக்கு எத்தனை முறுக்கு, எந்தக் காசுக்கு டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட் என்று வரிசையாக நினைவுக்கு வருகிறது. என் பெண் ஒரு நோட்டுப் போட்டு, காசு ஒரு பக்கம், ஆயா சொன்னது ஒரு பக்கம் என்று எழுதிக்கொண்டிருக்கிறாள். இதுவரை 43 பக்கம் ஆகியிருக்கிறது. உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பழைய பேப்பரை விரித்து, அந்த டின்னை இறக்குங்கள். கையில் ஒரு பேனாவும் இருக்கட்டும்.